பழைய மூக்குக் கண்ணாடி யாருக்குப் பொருந்தும்?

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேசை இழுப்பறையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தபோது ஏழு மூக்குக் கண்ணாடிகள் வெளியே வந்தன. என்னுடையவை இரண்டு: கல்லூரிக் காலத்தில் அணிந்த, மைனஸ் 1 பவர் கொண்ட தடித்த பிளாஸ்டிக் பிரேம் ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு முன்வரை அணிந்த மைனஸ் 2 பவர் கண்ணாடி மற்றொன்று. இப்போது என் பவர் மைனஸ் 3. அம்மாவுடையவையும் இரண்டு: வெள்ளெழுத்து தொடங்கிய காலத்தில் வாங்கிய பிளஸ் 1.50 படிக்கிற கண்ணாடி, பிறகு நிறையப் பணம் கொடுத்து வாங்கி, தலை சுற்றுகிறது என்று ஒரே மாதத்தில் கழற்றி வைத்த புரோகிரசிவ் கண்ணாடி, அதாவது தூரப் பார்வைக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் வகை. அப்பா கண்புரை அறுவைக்கு முன் அணிந்திருந்த, சிலிண்டர் பவரும் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்) சேர்ந்த மைனஸ் 6 கண்ணாடியும், அறுவை முடிந்த அன்று மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது தாத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடி.

வேண்டாத சட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் ஊரில் பெரிய ஆலோசனை தேவைப்படுவதில்லை. அளவு சரியாக இருப்பவருக்குக் கொடுத்துவிடுகிறோம், கிழிந்ததைக் கரித்துணியாக்குகிறோம். மூக்குக் கண்ணாடியையும் அப்படியே நினைத்து, யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடலாமே என்று வீட்டில் உடனே ஒரு குரல் எழுந்தது. நல்ல மனத்தோடு எழுந்த குரல்தான் என்றாலும், கண்ணாடியைச் சட்டையோடு ஒப்பிடுவதைவிட மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்பதால், எனக்கு அதில் தயக்கம் இருந்தது. ஆகவே இருக்கிற வழிகளை எல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, ஏழுக்கும் தனித்தனியாக ஒரு முடிவு எடுப்பது என்று தீர்மானித்தேன்.

முடிவு எடுப்பதற்கு முன் கையில் இருப்பது எத்தகைய கண்ணாடி என்று தெரிந்தாக வேண்டும். கடைக்குப் போனால் லென்ஸ் அளக்கும் கருவியில் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கண்ணாடியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, அதன் வழியாகக் கதவுச் சட்டத்தின் நேர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாக நகர்த்தினால், கோடு நகரும் திசை விவரத்தைக் கொடுத்துவிடும். கண்ணாடி போகும் பக்கமே கோடும் போனால் அது மைனஸ், எதிர்ப்பக்கம் போனால் பிளஸ். பிறகு கண்ணாடியை நகர்த்தாமல் சக்கரம் போல் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும். கோடு அசையாமல் நின்றால் வெறும் உருண்டைப் பவர். கத்தரிக்கோலைத் திறப்பது போலக் கோடு சாய்ந்தால் அதில் சிலிண்டர் இருக்கிறது. பிளஸ் லென்ஸாக இருந்தால் அளவையும் தோராயமாக அறியலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் முன்னால் லென்ஸைப் பிடித்து, வெளியே தொலைவில் இருக்கும் மரத்தின் தலைகீழ் உருவம் தெளிவாக விழும் இடத்தில் சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் போதும். அந்தத் தூரம் 50 செ.மீ. என்றால் பவர் பிளஸ் 2. ஒரு மீட்டர் என்றால் பிளஸ் 1.

இந்தச் சோதனையில் முதலில் தெரிந்துகொண்டது, நான் வேண்டாம் என்று ஒதுக்கிய கண்ணாடி எனக்கே வேண்டியதாக இருந்தது என்பதுதான். மைனஸ் 3 தேவைப்படும் கண்ணில் மைனஸ் 2 கண்ணாடியை மாட்டினால் 1 பவர் குறைவாக நிற்கும். அந்தக் குறைவோடு தெருவில் போகிற பேருந்தின் எண் தெரியாது. ஆனால் கண்ணைச் சிரமப்படுத்தாமலே சுமார் ஒரு மீட்டர் தூரம் தெளிவாக இருக்கும். நாற்பதைத் தாண்டி, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் முரண்டு பிடிக்கத் தொடங்கியவருக்கு, கணினித் திரைக்கும் சமையல் மேடைக்கும் புத்தக அலமாரியில் தேடுவதற்கும் இது புதிதாகக் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் கண்ணாடிக்கு ஏறக்குறைய நிகரானது. அம்மாவின் பிளஸ் 1.50 கண்ணாடிக்கும் இதே கணக்குதான். படிப்பதற்கு இப்போது அவருக்கு 2.50 வேண்டும். ஆனால் 1.50 லென்ஸ் அவர் கண்ணைச் சுமார் 67 செ.மீ. தூரத்துக்குச் சரிசெய்வதால், அரிசியில் கல் பார்க்கவும் தையல் இயந்திரத்தின் முன் உட்காரவும் அதுவே வசதி என்று போட்டுப் பார்த்தவுடன் சொன்னார். பவர் மாறியதும் பழையதைத் தூக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நடுத்தூரத்தை மறந்துவிடுகிறார்கள். இளைஞர்களுக்கு இந்த லாபம் கிடைக்காது. அவர்கள் கண் தானாகவே எல்லாத் தூரத்துக்கும் சரிசெய்துகொள்ளும். பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதும் கூடாது.

மாற்றுக் கண்ணாடியாக ஒன்றை வைத்திருப்பதும் பயனுள்ளதே. இரவில் மூக்குத் தண்டு உடைந்து மறுநாள் காலையில் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு, அரை பவர் குறைந்த பழைய கண்ணாடி தெய்வம் போல உதவும். ஆனால் மாற்றுக்கு ஒன்று போதும். ஐந்தாறைச் சேர்த்து வைப்பது, அந்த முடிவைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதாகவே முடியும்.

அடுத்த வழி, பிரேமை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றுவது. கேட்பதற்கு இதைவிடச் சிக்கனமான யோசனை இல்லை. நல்ல உலோகப் பிரேம் நூறு ஆண்டு ஆனாலும் பிரேம்தான். லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்தைத் திருகாணி கொண்டு திறந்து மூடும் அமைப்பு என்பதால், பழைய லென்ஸை எடுத்துப் புதியதை மாட்டுவதில் பிரேமுக்கு எந்த வருத்தமும் இல்லை. பிளாஸ்டிக் பிரேமின் கதை வேறு. தடித்த பிளாஸ்டிக் பிரேம்களில் பல, பஞ்சிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுக்கும் செல்லுலோஸைக் கொண்டு செய்யப்படும் அசிட்டேட். அது வளைந்துகொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள் ஆண்டுகள் போகப்போகக் கசிந்து வெளியேறுகிறது. காது படும் இடத்தில் வெள்ளை பூத்தது போலத் தெரிவது அதனால்தான். அப்படிப்பட்ட பிரேமைச் சூடாக்கி விரித்து லென்ஸை நுழைக்கும்போது பட்டென்று தெறித்துவிடும். என் கல்லூரிக் காலப் பிரேமை ஒரு கடையில் கொடுத்தபோது, உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லித்தான் வாங்கினார்கள். அரை மணி நேரத்தில் வலது கண் வளையம் இரண்டாக என் கைக்கே திரும்பி வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு வெயிலையும் வியர்வையையும் தாங்கிய பிரேமிடம் இன்னும் ஒரு முறை வளைந்துகொடு என்று கேட்டது என் பேராசை.

லென்ஸ் மாற்ற நினைப்பவர் கணக்கில் கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. புரோகிரசிவ் லென்ஸில் தூரத்துக்கும் படிப்புக்கும் உரிய பகுதிகள் மேலும் கீழுமாக அமைய வேண்டியிருப்பதால், ஒரு காலத்தில் நாகரிகமாக இருந்த, உயரம் குறைந்த ஒடுக்கமான பிரேம்கள் அதற்கு ஒத்துவருவதில்லை. அதே நேரத்தில் 1980களின் அகலமான பிரேம்கள் அதற்கு மிக நன்றாகவே பொருந்துகின்றன. ஆகவே உலோகப் பிரேமும் போதிய உயரமும் இருந்தால் லென்ஸ் மாற்றுவதே முதல் தேர்வு. பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம். பழைய கண்ணாடியைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்று கடைகள் அவ்வப்போது அறிவிக்கும் சலுகையையும் இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் புதிய பிரேமின் விலையில்தான் கழிகிறது என்பதால், பிரேமே வாங்காமல் இருப்பது அதைவிடப் பெரிய தள்ளுபடி.

இனி, முதலில் எழுந்த அந்தக் குரலுக்கு வருகிறேன்: யாருக்காவது கொடுத்துவிடுவது. இதைத்தான் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தேவை இருப்பதில் ஐயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கை, வெள்ளெழுத்து வந்தும் அதற்குரிய கண்ணாடி இல்லாமல் இருப்பவர்கள் உலகில் 82.6 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. கண்ணாடி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கிட்டப் பார்வைக்கான கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். அவர்கள் பறித்த தேயிலையின் அளவு, கண்ணாடி பெறாத குழுவைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் எழுதினார்கள். கொழுந்து எது, முற்றிய இலை எது என்று கண்ணுக்குத் தெரிந்தால் கை வேகமாக ஓடுகிறது. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. இத்தகைய செய்தியைப் படித்ததும் நம் இழுப்பறையில் சும்மா கிடக்கும் கண்ணாடிகள் நினைவுக்கு வருவது இயல்பு.

ஆனால் தேவை ஒரு பக்கமும் பழைய கண்ணாடி மறுபக்கமும் இருப்பதால் மட்டும் இரண்டும் சேர்ந்துவிடுவதில்லை. கண்ணாடி ஒருவருக்குப் பொருந்த வேண்டுமானால் வலக் கண்ணின் பவர், இடக் கண்ணின் பவர், சிலிண்டர் இருந்தால் அதன் அளவு, அது எந்தச் சாய்வில் நிற்கிறது, இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆகிய அத்தனையும் ஒத்துவர வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். பெரியவர்களில் அந்தத் தூரம் பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. 6 பவர் லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே நிற்காமல் 5 மில்லிமீட்டர் விலகி நின்றால், ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் பொருள் 3 செ.மீ. தள்ளித் தெரியும், இரண்டு கண்ணிலும் அப்படி நேர்ந்தால், இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கக் கண் தசைகள் நாள் முழுவதும் இழுபறி செய்ய வேண்டும். தலைவலியும் குமட்டலும் அதன் விளைவு. அப்பாவின் மைனஸ் 6 கண்ணாடி, அதே அளவு சிலிண்டரும் அதே சாய்வும் அதே முக அகலமும் கொண்ட ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கலாம். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவில் அவருக்குப் புதிதாகவே செய்துகொடுத்துவிடலாம்.

நான் சொந்தமாகக் கற்பனை செய்த கணக்கு அன்று இது. நன்கொடையாகச் சேர்ந்த 275 பழைய கண்ணாடிகளை எடுத்துப் பரிசோதித்த ஆய்வாளர்கள், அவற்றில் 7 விழுக்காடு மட்டுமே பயன்படுத்தத் தக்கவை என்று 2012இல் வெளியிட்டார்கள். மற்றவை கீறல் விழுந்தவை, உடைந்தவை, யாருக்கும் எளிதில் பொருந்தாத பவர் உடையவை. சேகரித்து, கழுவி, அளந்து, வகை பிரித்து, கப்பலேற்றி ஒருவர் கையில் சேர்ப்பதற்குள் பயன்படும் ஒரு கண்ணாடிக்கு 20.49 அமெரிக்க டாலர் செலவாகிறது என்றும், புதிதாகத் தயாரித்த ஆயத்தக் கண்ணாடியை வழங்கும் செலவைப்போல அது இரண்டு மடங்குக்கு மேல் என்றும் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். பார்வையிழப்புத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பும், உதவித் திட்டங்கள் பழைய கண்ணாடிகளை ஏற்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள மனம் கொஞ்சம் மறுக்கும். கொடுப்பவருக்குக் கழிவு குறைந்த மகிழ்ச்சி. பெறுகிற ஊருக்கு, நூறில் தொண்ணூற்று மூன்றைக் குப்பையில் கொட்டும் வேலை.

இதற்கு எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சேகரிப்பைப் பெரிய அளவில் செய்துவரும் லயன்ஸ் சங்கங்களுக்குப் பார்வைப் பணியில் நீண்ட வரலாறு உண்டு. 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த அவர்கள் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்கான வீரர்களாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதிலிருந்து அந்தப் பணி தொடர்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அவர்கள் வைத்திருக்கும் பெட்டிகளில் சேரும் கண்ணாடிகள் மறுபயன்பாட்டு மையங்களுக்குப் போய், அங்கே கழுவப்பட்டு, அளக்கப்பட்டு, பவர் குறித்த சீட்டோடு அடுக்கப்படுகின்றன. அந்த நாடுகளில் வாழும் நம்மவர்கள் பெட்டியில் போடுவதில் குற்றம் எதுவும் இல்லை. வகை பிரிக்கும் வேலையை அந்த ஊரிலேயே முடித்துவிடுவதால் குப்பை கடல் கடப்பதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரிடம் திரட்டிய பழைய கண்ணாடிகளை அளக்காமல் பெட்டியில் அடைத்துக்கொண்டு, ஊரில் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவது வேறு விஷயம். சுமைக்கூலி அவர்களுடையது, சங்கடம் நம்முடையது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே கண்ணாடி வழங்கும் அமைப்பு ஓரளவு நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை, முகாம் நடக்கும் இடத்திலேயே பரிசோதித்து, புதிய லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கையில் கொடுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கின்றன. அதே 1976இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இலவசக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே ஒருவருக்கு நாம் கொடுக்கும் பழைய கண்ணாடி, அவர் போயிருக்கக்கூடிய ஒரு பரிசோதனையைத் தடுத்துவிடக்கூடும் என்பதே என் உண்மையான கவலை. மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லும் வேலைக்கார அம்மாவுக்கு நம் கண்ணாடியைக் கொடுத்து, இப்போது பரவாயில்லை என்று அவரும் சொல்லிவிட்டால், அந்த மங்கலுக்குக் காரணம் கண்ணழுத்த நோயா (கிளாக்கோமா), சர்க்கரை நோயா, கண்புரையா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. கண்ணழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. குழந்தைகளுக்கு மட்டும் எந்த நிலையிலும் பிறர் கண்ணாடியைக் கொடுக்கக் கூடாது. வளரும் கண்ணுக்குத் தவறான பவர் கொடுப்பதைவிட அரை நாள் விடுப்பு எடுத்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எளிது.

கண் தானத்தையும் கண்ணாடி தானத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. விந்தை என்னவென்றால், இறந்தவரிடமிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் கருவிழியைப் பொதுவாக இரத்த வகைகூடப் பார்க்காமல் வேறொருவருக்குப் பொருத்திவிட முடிகிறது. அவர் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியை அப்படிப் பொருத்த முடியவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கண்ணாடியில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் பொறுப்பு கொடுப்பவருக்கே உண்டு.

கொடுக்கத்தக்க பழைய கண்ணாடியே இல்லையா என்றால், ஒரு வகை இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பிளஸ் பவர், சிலிண்டர் இல்லை, கீறல் இல்லை என்ற படிக்கிற கண்ணாடியை, ஏற்கெனவே பரிசோதித்து அதே பவர்தான் என்று தெரிந்த ஒருவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கடையில் ஆயத்தமாகத் தொங்கும் கண்ணாடிகளும் இதே வகைதான். பவர் இல்லாத வெயில் கண்ணாடியும் அப்படியே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கண்ணாடிக்காக நாம் எவ்வளவு அதிகம் செலவிட்டிருக்கிறோமோ, அவ்வளவு குறைவாக அது பிறருக்குப் பயன்படுகிறது. நடைபாதையில் நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கிய படிக்கிற கண்ணாடி தெருவில் பாதிப் பேருக்குப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் கொடுத்து, கண்மணியின் உயரம்வரை அளந்து செய்த அம்மாவின் புரோகிரசிவ், அம்மாவுக்கே பொருந்தவில்லை.

ஆகவே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருப்பவருக்கு, பழைய கண்ணாடியைவிடப் புதிய கண்ணாடிக்கான பணமே மேலான தேர்வு என்பது என் முடிவு. கண் முகாம் நடத்தும் மருத்துவமனைக்கோ சங்கத்துக்கோ ஒருவருடைய கண்ணாடிச் செலவை ஏற்பதாகச் சொன்னால், அவர் பரிசோதிக்கப்படுவார், அவருக்குரிய பவர் கிடைக்கும், பிரேமையும் அவரே தேர்ந்தெடுப்பார். கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்க வேண்டாம். முகத்தின் நடுவில் நாள் முழுதும் இருக்கப் போகிற பொருளை எனக்குப் பிடித்ததாக நான் எடுத்துக்கொள்கிறேன்; இலவசமாகப் பெறுகிறவருக்கும் அந்த விருப்பம் இருக்காதா?

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் பெற்ற நிறுவனத்தின் வெயில் கண்ணாடிக்கு இணையத்தில் ஆள் கிடைப்பார்கள். பவர் கண்ணாடிக்குக் கிடைக்க மாட்டார்கள். பழைய பிரேம் மஞ்சளாக மின்னினால் உட்பக்கத்தை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். 1/10 12கே ஜி.எஃப். போன்ற முத்திரை இருந்தால் அது தங்கத் தகடு போர்த்திய பிரேம். நகைக்கடைக்காரரிடம் ஒருமுறை காட்டுவதில் தவறில்லை. வெறும் முலாம் என்றால் காயலான் கடையில் இரும்பு விலைதான். ஒரு கண்ணாடி இருபது முப்பது கிராம் என்பதால், ஒரு கிலோ சேர்க்க ஊரையே திரட்ட வேண்டும். புகழ் பெற்றவர் அணிந்தது என்றால் மட்டும் கணக்கு மாறும். காந்தி அணிந்ததாகச் சொல்லப்பட்ட கண்ணாடி ஒன்று 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. ஏல நிறுவனத்தின் தபால் பெட்டியில் அதை ஒரு சாதாரண உறையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

குப்பைக்குப் போவதுதான் என்றால், அதையும் முறையாகச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் லென்ஸ்களில் மிகப் பரவலாக உள்ள சிஆர்-39, ஒருமுறை கெட்டியானால் மறுபடி உருகாத வகை. எனவே எந்த மறுசுழற்சிக்காரரும் அதை உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது. பாலிகார்பனேட் லென்ஸ் உருகும் என்றாலும், மேலே பூசிய பூச்சுகளோடு ஒன்றிரண்டாக வருவதை யாரும் பிரித்தெடுப்பதில்லை. உலோகப் பிரேமிலிருந்து லென்ஸையும் மூக்குப் பட்டைகளையும் கழற்றிவிட்டு உலோகத்தை மட்டும் பழைய இரும்போடு சேர்க்கலாம். உடைந்த கண்ணாடி லென்ஸ் இருந்தால் தாளில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுக்க வேண்டும்; அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். போகித் தீயில் போடுவது மட்டும் கூடவே கூடாது.

குப்பைக்கு முன்னால் நிற்கும் வழி ஒன்றை, எங்கள் வீட்டில் தம்பி மகள் கண்டுபிடித்தாள். தாத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடி பிளஸ் 10. அவர் காலத்துக் கண்புரை அறுவையில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எதையும் கண்ணுக்குள் வைக்க மாட்டார்கள். அதை ஈடுகட்டச் சுமார் பிளஸ் 10 பவர் கொண்ட இந்தக் கனத்த கண்ணாடியை முகாமில் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே பவர் என்பதால், ஒருவர் கண்ணாடி இன்னொருவருக்கு ஓரளவேனும் உதவிய காலம் அது ஒன்றுதான். மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் போன்றவை கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை மலிவாகச் செய்யத் தொடங்கிய பின் இந்தக் கண்ணாடி ஊரிலிருந்தே மறைந்தது. இன்று அது உதவும் கண்ணைக் காண்பது அரிது. ஆனால் அதன் குவியத் தூரம் 10 செ.மீ.; அதாவது இரண்டரை மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கி. முன்னால் பிளஸ் 1 லென்ஸ் ஒன்றை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அட்டைக் குழாயில் வைத்துப் பின்னால் இதை வைத்தால், பத்து மடங்கு காட்டும் தொலைநோக்கி தயார். நிலாவின் பள்ளங்களைத் தலைகீழாகப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடத்தைப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. எந்தக் குழாய் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதையும், பிளஸ் லென்ஸை வெயில் விழும் ஜன்னலில் வைத்தால் தாள் பற்றிக்கொள்ளும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்படியாக ஏழும் பிரிந்தன. என் மைனஸ் 2 கணினி மேசைக்கும், அம்மாவின் 1.50 தையல் இயந்திரத்துக்கும் திரும்பின. கல்லூரிக் காலப் பிரேம் இரண்டு துண்டாகக் குப்பைக்குப் போனது. புரோகிரசிவ் கண்ணாடியின் பிரேம் உலோகம், உயரமும் உண்டு. அம்மாவின் அடுத்த பரிசோதனை வரை அது காத்திருக்கிறது, வரும் லென்ஸ் வெறும் படிக்கிற லென்ஸாகவே இருக்கும். கறுப்புக் கண்ணாடி, வண்டியில் போகும்போது தூசிக்கு உதவும் என்று தம்பி எடுத்துக்கொண்டான். தாத்தாவின் லென்ஸ்கள் அட்டைக் குழாய்க்குள் போய்விட்டன. பிரேமைத் துணியிலேயே சுற்றி வைத்தோம்.

அப்பாவின் மைனஸ் 6 மட்டும் மிஞ்சியது. அறுவைக்குப் பின் அது அவருக்குப் பயன்படவில்லை, இனி அவர் கேட்கவும் போவதில்லை. பிரேம் கெட்டியான எஃகு. பெரியண்ணனின் முகம் அப்பாவின் முகத்தைப் போலவே அகலம் என்பதால், அடுத்த மாதம் அவர் ஊரிலிருந்து வரும்போது கடைக்கு எடுத்துப் போய் அவருடைய பவரில் லென்ஸ் போடச் சொல்லலாம் என்று இருக்கிறோம். அதுவரை பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணின் பவர், சிலிண்டர், சாய்வு, கடைசியாக அளந்த தேதி எல்லாம் அதில் உள்ளன. கடைக்காரர் பழைய லென்ஸைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அண்ணனுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.